தட்டு பறந்தது, நூலும் தெரிந்தது

பறக்கும் தட்டில் வரும் வேற்றுக்கிரகத்தார் பிணங்களை எழுப்பும் கதை, அமெரிக்க இயக்குநர் எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’. அதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்லறைக் கல் ஆள் உரசினால் ஆடுகிறது. விமானி அறைக்குக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் குளியலறைத் திரை போல ஒன்று தொங்குகிறது. ஒரே துரத்தல் பகலிலும் இரவிலும் மாறி மாறி நடக்கிறது. 1980இல் மெட்வெட் சகோதரர்கள் என்ற அமெரிக்க விமர்சகர்கள் ‘இதுவரை வந்ததிலேயே மோசமான படம்’ என்று இதற்குப் பட்டம் கட்டினார்கள். அந்தப் பட்டத்தால்தான் படத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது.

மூன்றாவது முறை பார்த்தபோது பக்கத்தில் அக்கா மகள் இருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும் வயது. “நம் மொட்டை மாடியிலேயே இதைவிட நன்றாக எடுக்கலாம், மாமா” என்றாள். சொன்னவள் அவள், மாட்டிக்கொண்டவன் நான். பழைய மலிவுப் பேய்ப்படங்களின் தந்திரங்களில் ஞாயிறுக்கு ஒன்றாகச் செய்து பார்ப்பது என்று முடிவானது. ஒரு தந்திரத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. கைபேசிதான் கேமரா. எடுத்த பிறகு கணினியில் எதையும் அழிக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை நான்தான் போட்டேன், புத்தி இல்லாமல்.

முதல் ஞாயிறு: பறக்கும் தட்டு

எட் வுட்டின் தட்டுகள் கடையில் விற்ற பொம்மைகள். பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் வகை. எங்களுடையது இரண்டு எவர்சில்வர் மூடிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டி, மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது. உறையூரில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு மேலே தட்டு வந்து நிற்க வேண்டும் என்பது திட்டம். கைபேசிக் கேமராவில் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாக விழும் என்பதால் இது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

கஷ்டம் நூலில் இருந்தது. தையல் நூல் வெள்ளையாக இருந்தால் வானத்தில் மறைந்துவிடும் என்று நம்பினோம். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது வெள்ளை நூலும் கருப்புக் கோடாகத்தான் தெரிகிறது. அடுத்து தூண்டில் நரம்பு வாங்கினேன். அது மெல்லியது, ஆனால் வெயில் பட்டதும் மின்னியது. மின்னலை அடக்க அம்மா ஒரு யோசனை சொன்னார்: விபூதியை ஈர விரலில் தொட்டு நரம்பில் தடவு என்று. தடவினேன், மின்னல் போய்விட்டது. அன்றைக்கு நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பிறகு காற்று. ஒரு நரம்பில் தொங்கினால் தட்டு பம்பரமாகச் சுழல்கிறது. இரண்டில் தொங்கினால் ஊஞ்சல் ஆடுகிறது. மூன்றில் கட்டினால் அசையாமல் நிற்கிறது, ஆனால் மூன்று கோடுகள் தெரிகின்றன. 17 முறை எடுத்தோம். படத்தில் தட்டு தள்ளாடி வரும்போது விழுந்து விழுந்து சிரித்தவள், மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கை வலிக்கக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மாலையில் எட் வுட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருட்டும் நேரத்தில் ஒரு வழி தோன்றியது. தட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கைபேசியையும் தலைகீழாகப் பிடித்தால் நூல் தட்டுக்குக் கீழே போய்விடும். பார்ப்பவர் கண் நூலை மேலேதானே தேடும்? எடுத்துப் பார்த்தால் தட்டு அருமையாக இருந்தது. மலைக்கோட்டை மட்டும் வௌவாலைப் போல வானத்திலிருந்து தொங்கியது. கோட்டையை விட்டுவிட்டு மேகத்தை மட்டும் வைத்து எடுத்தோம். மேகத்துக்குத் தலை ஏது, கால் ஏது? 6 விநாடி கிடைத்தது.

இரண்டாம் ஞாயிறு: முகத்தை மூடிய ஆள்

‘பிளான் 9’ படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் கதை இது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. திரையில் டிராகுலாவாகப் பெயர் வாங்கிய பேலா லுகோசி 1956 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவரை வைத்து எட் வுட் எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகள் மட்டும் கையில் இருந்தன. அவற்றை இந்தப் படத்தில் நுழைத்துவிட்டு, மிச்சத்துக்குத் தன் மனைவியின் முதுகுவலி வைத்தியரை நிறுத்தினார். டாம் மேசன் என்று பெயர். லுகோசியைவிட உயரம், முகச்சாயலும் கிடையாது. படம் முழுக்க மேலங்கியைத் தூக்கி மூக்கு வரை மூடிக்கொண்டே நடக்கிறார்.

எங்களுக்கும் மேலங்கி வேண்டியிருந்தது. பீரோவில் இருந்த கருப்பு வேட்டியை எடுத்தேன். சபரிமலைக்கு மாலை போட்ட வருடம் கட்டியது. “ஐயப்பன் வேட்டியைப் பேய்க்குப் போர்த்துவாயா?” என்று அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கடைசியில் கருநீல ஜன்னல் திரைதான் கிடைத்தது. கருப்பு வெள்ளையில் அது கருப்பாகவே தெரிந்தது.

முதலில் அக்கா மகளின் தோழிகள் இருவர் நடித்தார்கள். பழைய பேய்ப்படம் மாதிரி என்று சொன்னதும் கண்ணை உருட்டினார்கள், நாக்கைத் துருத்தினார்கள், வேண்டுமென்றே தடுக்கி விழுந்தார்கள். எடுக்கும்போது எல்லோரும் சிரித்தோம். போட்டுப் பார்த்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது எதிர்வீட்டு சார் வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடி இருப்பார். திரையைத் தோளில் போட்டதும் அவர் கேட்ட கேள்வி: “இந்த ஆள் எதற்காகக் கல்லறையை விட்டு எழுந்து வருகிறான்?” எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, “மகளைப் பார்க்க வருகிறான் என்று வைத்துக்கொள்கிறேன்” என்றார். துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து, மூக்கு வரை திரையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியை நோக்கி மெதுவாக நடந்தார். கொடியில் கிடந்த துண்டு அவர் தலையில் மாட்டிக்கொண்டு கூடவே போனது. அவர் நிற்கவில்லை. மகளைப் பார்க்கப் போகிறவன் துண்டுக்காக நிற்பானா?

அதைப் பத்து முறையாவது போட்டுப் பார்த்திருப்போம். தோழிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இந்தப் படங்களின் ருசி எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. மோசமாக எடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து எடுத்த படங்கள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அவை சலிக்கின்றன. எட் வுட் தன் படம் உலகத்துக்கு ஒரு சேதி சொல்கிறது என்று முழுதாக நம்பி எடுத்தார். அந்த நம்பிக்கைக்கும் ஆடும் கல்லறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சிரிப்பு கிடக்கிறது. சாரின் நடையில் அது இருந்தது, தோழிகளின் நாக்குத் துருத்தலில் இல்லை.

அம்மா மட்டும் அசரவில்லை. விட்டலாச்சாரியா படத்தில் பேய் அடுப்புக்கு விறகாகத் தன் காலையே நீட்டுமே, அதற்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மூன்றாம் ஞாயிறு: இரத்தம்

கருப்பு வெள்ளைப் படத்தில் இரத்தம் சிவப்பாக இருக்க வேண்டியதில்லை. ஹிட்ச்காக் ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்குச் சாக்லேட் பாகைத்தான் ஊற்றினார். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எடுத்தபோதும் அதே சாக்லேட் பாகு. பிட்ஸ்பர்க் நகரத்தைச் சுற்றி எடுத்த அந்தப் படத்துக்கு மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். பணம் போட்டவர்களில் ஒருவர் இறைச்சி வியாபாரி. எழுந்து வந்த பிணங்கள் உட்கார்ந்து தின்னும் இறைச்சியும் குடலும் அவர் கொண்டுவந்தவை. இந்தப் படம் சிரிக்கிற வகையில்லை. காசில்லாமையே இதற்குப் பலமாகிவிட்டது. செய்திப் படம் போலத் துகள் துகளாக இருப்பதால் நிஜம் என்றே தோன்றுகிறது. இன்னொரு கூத்து: கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமையே இல்லாமல் போய்விட்டது. யார் வேண்டுமானாலும் திரையிட்டார்கள், அதனாலேயே எல்லோரும் பார்த்தார்கள். எடுத்தவர்களுக்குத்தான் அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நாங்கள் ஐந்து திரவங்களை என் முழங்கையில் வரிசையாக ஊற்றிப் பார்த்தோம். குங்குமக் கரைசல் நேரில் பயங்கரம். கருப்பு வெள்ளையில் என் தோலின் நிறத்தோடு ஒன்றிக் காணாமல் போனது. தக்காளி சாஸ் வத்தக்குழம்பு சிந்தியது போல இருந்தது. பீட்ரூட் சாறு தண்ணீராக ஓடிவிட்டது. சாக்லேட் பாகு நன்றாக வந்தது. ஆனால் முதலிடம் கருப்பட்டிப் பாகுக்குத்தான். கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கினால், கனமாக, சோம்பலாக, விரல் நுனியில் ஒரு கணம் நின்று சொட்டுகிறது. நிறத்தைவிட அந்தப் பளபளப்புதான் முக்கியம் என்று கண்டுகொண்டேன். என்னைப் போன்ற மாநிறக் கையில் கருமை அவ்வளவாக எடுபடாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஈரம் மின்னினால்தான் கண் அதை இரத்தம் என்று ஒத்துக்கொள்கிறது.

‘பிணமாக’ நான் தரையில் இருபது நிமிடம் படுத்திருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் எறும்பு வந்தது. சிற்றெறும்பு இல்லை, கட்டெறும்பு. அந்தக் காட்சியில் பிணம் துடிதுடித்து எழுவதை அக்கா மகள் வெட்டாமல் வைத்திருக்கிறாள். இதுவரை எடுத்ததிலேயே உயிருள்ள நடிப்பு அதுதான் என்கிறாள்.

நான்காம் ஞாயிறு

நாய். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் வந்த ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ படத்தில் மனிதரைத் தின்னும் ராட்சத மூஞ்சுறுகள் வரும். அவை வேட்டை நாய்களுக்கு ரோமப் போர்வை கட்டி ஓடவிட்டவை. இயக்கிய ரே கெல்லாக், ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் தந்திரக்காட்சித் துறைக்கே தலைவராக இருந்தவர். அப்பேர்ப்பட்டவர் டெக்சாஸில் போய் நாய்க்கு வேஷம் கட்டினார் என்றால் காசு எவ்வளவு இறுக்கியிருக்கும்! எங்கள் தெரு நாய்க்குச் சணல் சாக்கு கட்டினோம். அது ஓடவில்லை. சாக்கு இதமாக இருந்திருக்க வேண்டும், வாசலிலேயே சுருண்டு தூங்கிவிட்டது.

ஐந்தாம் ஞாயிறு: 32 விநாடி

டெக்சாஸின் எல் பாசோவில் ஹரோல்ட் வாரன் என்று ஒரு உர விற்பனையாளர் இருந்தார். பேய்ப்படம் எடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, நானே எடுப்பேன் என்று ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பந்தயம் கட்டினார். (இந்த இடத்தில் அக்கா மகளை ஒரு பார்வை பார்த்தேன்.) 1966இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’. மேனோஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கைகள். ஆக, ‘கைகள்: விதியின் கைகள்’. நாம் ‘கேட்டுக் கதவு’ என்று சொல்வது போல.

கையால் சாவி கொடுக்கும் 16 மி.மீ. கேமராவில் எடுத்தார்கள். ஒரு முறை முறுக்கினால் 32 விநாடிதான் ஓடும். ஒலிப்பதிவு கிடையாது, பின்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் உட்கார்ந்து எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். இரவுக் காட்சியில் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு விசாரிக்க வரும் போலீஸ்காரர்கள் நாலடி நடந்து திரும்பிவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு மேல் வெளிச்சம் இல்லை.

அதே நிபந்தனையோடு ஒரு காட்சி எடுத்தோம்: 32 விநாடிக்கு அலாரம், ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கு, வசனம் பிறகு. சார் கதவைத் தட்டுகிறார், நான் திறக்கிறேன், அவர் ஏதோ எச்சரிக்கிறார், கதவு மூடுகிறது. எழுதும்போது பத்து விநாடிக் காட்சி. சார் இரண்டு முறை தட்டிவிட்டு, யாரோ வருவதற்குக் காத்திருக்கும் மரியாதையோடு நின்றதிலேயே 14 விநாடி போய்விட்டது. எச்சரிக்கையின் நடுவில் அலாரம் அடித்தது. அந்தப் படத்தில் பேச்சு ஏன் அங்கங்கே அறுந்து நிற்கிறது, ஏன் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே நேரம் போகிறது என்றெல்லாம் இனிமேல் நான் யாரிடமும் கேட்க மாட்டேன்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. விளக்கைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஈசல் கூட்டம் இறங்கியது. சாரின் மேலங்கிக்குள் புகுந்தது, வாயிலும் ஒன்று போனது. அவர் வசனத்தை விடவில்லை. குரல் சேர்க்க உட்கார்ந்தபோது நான், சார், கதவு மூன்று பேருக்கும் அக்கா மகளே பேசினாள்.

ஆறாம் ஞாயிறு: சிரிக்க முடியாத ஒன்று

ஹெர்க் ஹார்வி கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவில் பெரிய உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் மண்டபத்தைக் கண்ட பிறகு அதை வைத்துக் கதை பண்ணி 1962இல் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ எடுத்தார். வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே கதைப்படம். செலவு சுமார் 33,000 டாலர். அதில் வெளிறிய முகத்தோடு வந்து நிற்கும் உருவமும் அவரேதான். முகத்தில் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கருமை, அவ்வளவுதான். ஆனால் இரவில் தனியாக அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் தண்ணீர் குடிக்க எழுந்து போக மனம் வராது.

அதைச் செய்து பார்ப்போம் என்று விடிகாலையில் ஶ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் காவிரிக் கரைக்குப் போனோம். சார் முகத்தில் பவுடரும் அரிசி மாவும் அப்பி, வெள்ளை வேட்டியோடு படியில் நின்றார். குளிக்க வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, “யாருக்குத் திதி?” என்று கேட்டார்.

ஆறு காட்சி எடுத்தோம், ஐந்து குப்பை. கிட்டத்தில் எடுத்தவை எல்லாம் கூத்து வேஷம் மாதிரி இருந்தன. ஆறாவது, நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில், படித்துறையின் கடைசியில், சார் எங்கள் பக்கம் திரும்பி நிற்கிறார். ஒன்றும் செய்யவில்லை, ஆட்டோவுக்காகக் காத்திருக்கிறார். உருவம் கட்டைவிரல் அளவு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று. அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏழாம் ஞாயிறு: எலும்புக்கூடு

எடுத்தது போதும், திரையிடலாம் என்று முடிவு செய்தோம். திரையிடுவது என்று வந்துவிட்டால் வில்லியம் காசிலை விட முடியாது. படத்தைவிடக் கொட்டகையில் நடக்கும் வித்தைக்குப் பேர்போனவர். 1958இல் ‘மகாபர்’ படத்துக்கு வந்தவர்களுக்கு, பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சீட்டே கொடுத்தார். அடுத்த வருடம் ‘தி டிங்க்ளர்’ படத்துக்குச் சில இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார் வைத்தார். அதே 1959இல் வந்த ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ படத்தில், அமிலத் தொட்டியிலிருந்து எலும்புக்கூடு எழும் நேரத்தில் கொட்டகைக்குள் நிஜமாகவே ஒரு எலும்புக்கூடு கம்பியில் பார்வையாளர் தலைக்கு மேல் பறந்து வந்தது. சில ஊர்களில் பையன்கள் உண்டிவில்லோடு வந்து அதைக் குறிபார்த்து அடித்தார்கள் என்று சொல்வார்கள்.

அக்கா மகள் டிக்கெட் அச்சடித்தாள். பின்பக்கத்தில் ‘பயந்து இறந்தால் ஐந்து கடலை மிட்டாய்’ என்று இருந்தது. தெருப் பிள்ளைகளும் அம்மாக்களுமாக 22 பேர். மோட்டாருக்குப் பதிலாக மூன்று கைபேசிகளை அதிரும்படி வைத்து ஜமக்காளத்துக்கு அடியில் ஒளித்திருந்தோம். முதல் அழைப்பிலேயே ஒரு அம்மா ஜமக்காளத்தைத் தூக்கி, “யாருடைய போன் இது?” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்றும் அப்படியே போயின.

முதலில் எங்கள் துண்டுக் காட்சிகள். தட்டுக்குக் கைதட்டல், கட்டெறும்புக்கு விசில். பிறகு, இரவல் வாங்கிய புரொஜெக்டரில், வேட்டித் திரையில் ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’, அதன் நாயகன் வின்சென்ட் பிரைஸ். ஆங்கிலம் புரியாதவர்களுக்காக சார் எழுந்து நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி பேசினால் சார் நான்கு வரி சொன்னார்.

என் எலும்புக்கூடு தெர்மாகோலில் வெட்டியது. நான்கடி உயரம், கண்ணுக்கு ரேடியம் ஸ்டிக்கர். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்ச் சுவர் வரை கம்பி, ஒரு கப்பி, என் கையில் கயிறு. அமிலத் தொட்டி காட்சி வந்ததும் இழுத்தேன். சரியாகப் பிள்ளைகளின் தலைக்கு மேலே வந்து கப்பி மாட்டிக்கொண்டது. எலும்புக்கூடு அங்கேயே நின்று மெல்லச் சுழன்றது. ஒரு நூலில் தொங்கினால் சுழலும், எனக்குத்தான் முன்பே தெரியுமே. முதலில் ஒரு பிடி பொரி பறந்தது. அடுத்து ஒரு செருப்பு. செருப்பு பட்ட வேகத்தில் கப்பி விடுபட்டு, எலும்புக்கூடு சரசரவென்று இறங்கி அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தது. அம்மா அதன் தலையைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் அப்போதுதான் வின்சென்ட் பிரைஸ் இருட்டிலிருந்து வெளியே வந்தார், உடம்பில் கட்டிய கருவியும் அதிலிருந்து ஓடும் கம்பிகளுமாக. அந்த எலும்புக்கூட்டை ஆட்டிவைத்தது அவர்தான்.

“பாருங்கள், இவரும் கயிறுதான் இழுத்திருக்கிறார்” என்றார் சார்.

22 பேரும் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். கயிறு இன்னும் என் கையில்தான் இருந்தது.